எதுக்கும் அக்காவின் பூட்டு

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்யும். அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை. எதைப் பார்த்தாலும் "எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோம்" என்பாள். அதனால் எதுக்கும் அக்கா.

கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவுக்கு நேர் எதிரே என் முடிவெட்டும் கடை. யார் வீட்டில் யாரோடு பேச்சில்லை, யார் வீட்டுக்குப் புது சோபா வந்தது, யாருக்கு உச்சந்தலையில் வெளிச்சம் விழத் தொடங்கியிருக்கிறது என்பதெல்லாம் என்னைத் தாண்டிப் போகாது. கழுத்தில் கத்தி இருக்கும்போது மனிதர்கள் அதிகம் பொய் சொல்வதில்லை. ஆகவே நான் சொல்வதை முக்கால்வாசி நம்பலாம். மீதியை அக்கா பாணியில் எதுக்கும் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. கொஞ்சநஞ்சமல்ல. மோட்டார் அறைக்குள் போகும்முன் வாசலிலேயே நின்று கண்ணை மூடுவாள், உதடு அசையும். கண்ணைத் திறந்ததும் முதல் வேலை மெயின் சுவிட்சை அணைப்பது. அதில் தன் பூட்டை மாட்டுவாள், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் போடுவாள். அதோடு விடமாட்டாள். பட்டனை அமுக்கிப் பார்ப்பாள், மோட்டார் நிஜமாகவே செத்துவிட்டதா என்று.

ஒருமுறை அவள் வேலை முடித்துக் கீழே வந்தபோது, ஒருவருக்கு மீசை ஒதுக்கிக்கொண்டே நான் வாயைக் கொடுத்தேன்.

"ஏங்க்கா, இப்பதான ஆண்டவன்கிட்ட எல்லாத்தையும் ஒப்படைச்ச? அப்புறம் பூட்டு எதுக்கு?"

"ஒப்படைச்சது உசுர. சுவிட்ச இல்ல. சுவிட்ச் என் வேலை. நீ மூக்குக்குக் கீழ பாத்து வெட்டு."

பிறவியே அப்படித்தான். சின்ன வயதில் தம்பிக்குக் காய்ச்சல் கொதித்தபோது அம்மாக்காரி ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு "கடவுள் பாத்துப்பார்" என்றாளாம். இவள், "அவருக்கு நம்ம வீடு தெரியுமா? வழி சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டு, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடையைக் கட்டினாளாம். அம்மா திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாளாம். தம்பி பிழைத்து இன்றைக்கு நிலைப்படியில் தலை இடிக்கிற உயரம். "கடவுள்தான் காப்பாத்தினார்" என்று அம்மா சாகும்வரை சொன்னாள். "ஆமா, என் இடுப்புல வச்சு" என்று இவளும் விடாமல் சொன்னாள்.

லிஃப்ட் வேலைக்கு வந்த கதையும் வாயால் வந்ததுதான். ஓர் ஆபீஸ் கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் வாளியோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டாள். எடுத்துவிட வந்த மெக்கானிக்கிடம் நன்றிகூடச் சொல்லவில்லை. "ஏன் நின்னுச்சு? மறுபடி நிக்காதுன்னு எப்படிச் சொல்றீங்க? கயிறு அறுந்தா என்ன ஆகும்?" என்று மாடிப்படி முழுக்கக் குடைந்திருக்கிறாள். அந்த ஆள் தொல்லை தாங்காமல் "தாயே, நீயே வந்து பாரு" என்று மோட்டார் அறைக்குக் கூட்டிப்போனார். போனவள் இன்னும் இறங்கவில்லை.

கட்டிக்கொண்டது ஒரு பஸ் டிரைவரை. அவருக்குக் கடவுள் என்றாலே சிரிப்பு. பெண் பார்க்க வந்த அன்றே, "எனக்குச் சாமி கீமி எல்லாம் கிடையாது, பின்னால பிரச்சினை வரக்கூடாது" என்றாராம். "பஸ்ஸ எடுக்கறதுக்கு முன்னாடி பிரேக்க அமுக்கிப் பாப்பீங்களா?" என்று இவள் கேட்டாளாம். "பாக்காம எடுப்பேனா?" "அப்ப சரி."

வீட்டில் இன்றைக்கும் அந்தச் சண்டை சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி. "எல்லாத்தையும் அவர் பாத்துக்கிறாருன்னா, கேஸ் அடுப்ப எதுக்கு ரெண்டு தடவ எழுந்து பாக்குற?" என்பார் அவர். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கார். அணைக்கிறேன்னு சொன்னாரா?" என்பாள் இவள்.

இனி தலைவர். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வாரம் ஒரு சாயங்காலம் கீழே பொதுக்கூடத்தில் பிரார்த்தனை நடத்துகிறவரும் அவர்தான். வெண்ணெய் தடவிய குரல். கெட்டவர் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கெட்டவராக இருந்திருந்தால் எங்களுக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. யாருக்கு நெஞ்சுவலி என்றாலும் முதலில் ஓடிவந்து நிற்கிற மனிதர். வாய்க்கு வாய் "நம்பிக்கை வேணும்மா, நம்பிக்கை" என்பார். சொல்வதோடு நில்லாமல் நிஜமாகவே நம்புவார். அதுதான் வம்பு.

அந்த வாரம் லிஃப்டுக்குப் பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது. புதுக் கட்டை வந்து மாட்டும்வரை யாரும் ஏறக்கூடாது என்று அக்கா ஒரு பலகை எழுதிக் கீழே கதவில் தொங்கவிட்டாள். பலகைதான். பூட்டு இல்லை. அந்தத் தொழிலில் பூட்டுக்கு ஒரே ஓர் அர்த்தம்: உள்ளே ஓர் உடம்பு இருக்கிறது. வேலை செய்கிற ஆள் மட்டும் தன் பூட்டை மாட்டுவார், வேலை முடிந்தால் தானே எடுத்துக்கொண்டு போவார். ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் தொடுவது கொலைக்குச் சமம். உள்ளே ஆள் இல்லாத இடத்தில் பூட்டைப் போட்டுவிட்டுப் போவதும் கௌரவமில்லை. அதனால் பலகையோடு விட்டாள்.

அன்றைக்குப் பார்த்துத் தலைவர் பிரார்த்தனைக்கு வெளியாட்களை நிறைய அழைத்திருந்தார். மாடியில் கிடந்த இரும்பு நாற்காலிகள் கீழே வரவேண்டும். தலைவர் பலகையைக் கழற்றினார். கழற்றியதை நான் கடையிலிருந்தே பார்த்தேன். "தலைவரே, அக்கா எழுதி வச்சிருக்கு" என்றேன். "ஒரே ஒரு தடவதானப்பா. நல்ல காரியத்துக்குப் போறோம், அவர் பாத்துப்பார்" என்று சிரித்தார். வாட்ச்மேன் மேலே போய் லிஃப்டுக்குள் நாற்காலிகளை அடுக்கினார். ஏழாம் மாடி டீச்சர் பிரார்த்தனைக்கு இறங்குகிறவர், "எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்க" என்று நாற்காலிகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டார். வாட்ச்மேன் படியில் வந்தார்.

ஒரு வாடிக்கையாளருக்குப் பாதித் தாடி வழித்திருந்தேன். மேலிருந்து ஒரு சத்தம் வந்தது. இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம். பிறகு டீச்சரின் குரல். அந்த ஆள் பாதித் தாடியோடே எழுந்து ஓடினார். அவர் அப்புறம் மீதியை வழிக்க என்னிடம் வரவேயில்லை.

அக்கா அடுத்த தெருவிலிருந்து பொத்தான் மாறிப் போட்ட சட்டையோடு ஓடிவந்தாள். லிஃப்ட் நான்காம் மாடிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பக்கம் சரிந்து நின்றிருந்தது. அக்கா முதலில் பெட்டிக்கு மேலே இறங்கிச் சங்கிலியை எடுத்துக் கட்டினாள். உள்ளிருந்து டீச்சர், "அக்கா, முதல்ல என்ன எடுங்கக்கா!" என்று கதறினார். "இரும்மா. பெட்டியக் கட்டிக்கிறேன், அப்புறம் உன்ன." கட்டி முடித்துக் கதவைத் திறந்து, டீச்சரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வெளியே விட்டாள்.

பிறகு அடியில் போய் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறாள். லிஃப்ட் பெட்டிக்கு அடியில் இரண்டு பக்கமும் இரும்புப் பற்கள் உண்டு. பெட்டி கட்டுமீறி இறங்கினால் அவை இரண்டும் சேர்ந்து பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்வி நிறுத்தும். வலப்பக்கப் பல் கவ்வியிருந்தது. இடப்பக்கப் பல் பழைய கிரீஸ் இறுகி அசையவே இல்லை. அத்தனை நாற்காலியும் டீச்சரும் ஒற்றைப் பல்லில் தொங்கியிருக்கிறார்கள்.

என் கடைக்கு வந்து சுழல்நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணாடியைப் பார்த்தபடி அழுதாள். அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஒத்தப் பல்லு நிக்காதுடா. நிக்கவே நிக்காது. நின்னிருக்கு." கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். துடைத்துக்கொண்டு எழுந்தாள். "மனுசன நம்பக்கூடாதுன்னு தெரிஞ்சவ, ஒரு பலகைய நம்பிட்டேன் பாரு!" நேரே மேலே போய் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டாள்.

ஒற்றைப் பல் விஷயம் வாட்ச்மேன் வாயில் விழுந்தது. மறுநாளைக்குள் அது பல்லாக இல்லை, கையாகிவிட்டது. கடவுளே தன் கையால் லிஃப்டைத் தாங்கினார் என்று தலைவர் கூடத்தில் உருகினார். பக்கத்துத் தெருக்காரர்களெல்லாம் நான்காம் மாடிக்கு வரத் தொடங்கினார்கள். லிஃப்டைத் தரிசிக்க மூச்சிரைக்க மாடிப்படி ஏறுகிற கூட்டத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். கதவில் பூ வைத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். ஓர் அம்மா லிஃப்ட் பட்டனை அமுக்கிவிட்டு மகனுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டார். நல்லவேளை, லிஃப்ட் வரவில்லை.

புதுப் பிரேக் கட்டையும் புதுப் பற்களும் வந்து சேர்ந்தன. அக்கா பையோடு போனால் கதவுக்கு முன்னால் பாய் விரித்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

"கொஞ்சம் நகருங்க, பல்ல மாத்தணும்."

"ஐயையோ, அதுல கை வைக்காதம்மா! ஆண்டவன் கை பட்ட இரும்பு!"

"என் கையும் பட்டதுதான். நான்தான் மாட்டினேன்."

நகரவில்லை. தலைவர் வந்தார். "ஏம்மா, எதையும் மாத்தவேண்டாம். அடுத்த பிரார்த்தனைக்கு எல்லாருமா இதே லிஃப்டுல, இருக்கிறபடியே இறங்கி வரப்போறோம். நன்றி சொல்ற மாதிரி இருக்கும். நீ பூட்டை மட்டும் எடுத்துடு."

"எடுக்கமாட்டேன்."

"உள்ள யாரும் இல்லாதப்ப பூட்டு போடறது உங்க தொழில்லயே வழக்கமில்லையாமே? விசாரிச்சேன்."

"உள்ள ஆள் இருக்கு. நீங்க எல்லாரும்தான்."

தலைவர் விடுவாரா? வேறு மெக்கானிக்குகளை வரவழைத்தார். இரண்டு பேர் வந்தார்கள். மேலே போனார்கள், பூட்டைப் பார்த்தார்கள், கீழே வந்து என் கடையில் டீ வாங்கிக் குடித்தார்கள். "அந்தம்மா சாவி வச்சிருக்கா. நாங்க தொடமாட்டோம்" என்றார் ஒருவர். "பூட்ட வெட்ட தலைவர் பெரிய கட்டர் வாங்கித் தர்றேங்கிறாரே?" என்று நான் கிண்டினேன். "அப்ப அவரையே வெட்டச் சொல்லுங்க. எங்களுக்கு வீட்டுல புள்ளைங்க இருக்கு, தூங்கணும்" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிரார்த்தனை நாளும் வந்தது. நான்காம் மாடி நடையில் நிற்க இடமில்லை. நான் கடையைச் சாத்திவிட்டு ஏறினேன், இதை விட்டுவிட்டு அப்புறம் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வதா? அக்கா வேலைச் சட்டையோடு ஒரு பக்கம் நின்றாள். டிரைவரும் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்திருந்தார், மனைவிக்குத் துணையாக. துணை என்ன துணை, வந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இதான் நான் அப்பவே சொன்னேன். கடவுளும் இல்ல, கையும் இல்ல. எல்லாம் இரும்பு. அத அவங்ககிட்ட சொல்லிட்டு வா, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க சும்மா இருங்க. ஒத்தப் பல்லுல எப்படி நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. தெரியாதத இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?"

தலைவர் கையை உயர்த்தினார். "அம்மா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. சாவியக் குடு. உனக்கு அவர்மேல நம்பிக்கை இருக்கா, இல்லையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"இருக்கு. உங்களுக்கு முன்னாடியே நன்றி சொன்னவ நான். கீழ இவன் கடையில உக்காந்து சொன்னேன், கேளுங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். "அன்னைக்குத் தாங்கினார், சரி. அதுக்காக மறுபடி தாங்கு, மறுபடி தாங்குன்னு கேக்க அவர் என்ன நம்ம வாட்ச்மேனா?"

வாட்ச்மேனுக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்.

"நம்பிக்கை இல்லாதவங்கதான் கேள்வி கேப்பாங்க" என்றார் தலைவர்.

"நம்பிக்கை இல்லாதவங்க எதுக்கு அவர்கிட்ட கேக்கப்போறாங்க? எங்க வீட்டுக்காரரப் பாருங்க, ஒரு கேள்வி கேட்டிருப்பாரா?"

இங்கேதான் தலைவர் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத காரியம் செய்தார். வேறு ஆளாக இருந்தால் கத்தியிருப்பார், அல்லது நழுவியிருப்பார். இவர் ஓர் இரும்பு நாற்காலியை எடுத்துக்கொண்டு, கதவைத் தள்ளித் திறந்து, சரிந்து நின்ற பெட்டிக்குள் இறங்கி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நான் ஏறிட்டேன். என் உசுரு. நீ போய்க் கரண்ட்டப் போடு."

பொய் இல்லை. முகத்தில் ஒரு துளி பயம் இல்லை. எனக்கே புல்லரித்தது. அவர் பின்னாலேயே இன்னும் இரண்டு பேர் இறங்கினார்கள். நாலாவதாக ஒருவர் காலை வைத்தார்.

"யோவ், இறங்காத!" அக்கா அலறினாள். "பிரேக் இல்ல! ஆள் குறைஞ்சா எதிர்ப்பக்க எடைக்கல்லு மேல இழுக்கும், கூடினா கீழ போகும்!" அவர் காலை இழுத்துக்கொண்டார்.

அப்போது டிரைவர் அவள் காதருகே குனிந்தார். நான் பக்கத்தில் இருந்ததால் என் காதிலும் விழுந்தது. "மேல சங்கிலி கட்டி வச்சிருக்கியே. கரண்ட்டு போடாதவரைக்கும் ஒண்ணும் ஆகாதுல்ல? அதச் சொல்லிடேன்."

"சொன்னா இன்னும் நாலு பேர் ஏறுவான். சும்மா இருங்க."

அந்த நிமிஷத்தில் கூட்டம் முழுக்க அவள் சட்டைப் பையைத்தான் பார்த்தது. எடுத்துக் கொடுத்தால் அந்த மூன்று பேர் கதி என்ன ஆகும் என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். கொடுக்காவிட்டால் அவள் நம்பிக்கை கெட்டவள். வேலையும் போகும், கூடத்தில் இடமும் போகும்.

அக்கா பொத்தானை அவிழ்க்கவில்லை. பெட்டியின் வாசலில் போய்க் குனிந்து நின்றாள்.

"தலைவரே, உங்க நம்பிக்கையில எனக்குச் சந்தேகமே இல்ல. என்னோடதவிடப் பெரிசுன்னே வச்சுக்குங்க. ஆனா அன்னைக்கு நடந்தது என்ன? நீங்க பலகையக் கழட்டினீங்க. அதனாலதான் டீச்சர் தொங்கினாங்க. அவர் பாவம், ஓடிவந்து தாங்கினார். நீங்க என்னடான்னா தாங்கினதமட்டும் பாடுறீங்க, கழட்டினதப் பாடமாட்டேங்கிறீங்க. உங்க தப்ப அவர் தலையில கட்டாதீங்க. அத மட்டும் நான் விடமாட்டேன். சாவி வராது. என்ன வேணா பண்ணிக்குங்க."

தலைவர் முகம் சிவந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார். "டீச்சரம்மா! நீங்க வாங்க. அனுபவிச்சவங்க நீங்க. அந்த இருட்டுல கடவுளக் கூப்பிட்டீங்க, அவர் வந்தார். எல்லாருக்கும் உங்க வாயால சொல்லுங்க."

டீச்சர் அன்றிலிருந்து யாரோடும் அதிகம் பேசவில்லை. பேச யாரும் விடவுமில்லை. அவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். கூட்டம் வழிவிட, முன்னால் வந்தார். பெட்டியை எட்டிப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கூப்பிட்டேன்" என்றார். "தொண்டை கிழியக் கூப்பிட்டேன்."

"கேளுங்க!" என்றார் தலைவர்.

"என்ன சொல்லிக் கூப்பிட்டேன்னு யாராச்சும் கேட்டீங்களா? 'ஆண்டவனே, அந்த எதுக்கும் அக்காவச் சீக்கிரம் அனுப்பு'ன்னு கூப்பிட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. அனுப்பினார்." கூட்டத்தின் பக்கம் கோபமாகத் திரும்பினார். "அவர் அனுப்பின ஆள வேலை செய்ய விடாம வழியில பாய் விரிச்சு உக்காந்திருக்கீங்க! நான் தினம் ஏழு மாடி ஏறிக்கிட்டிருக்கேன்! பாட்டு வேற!"

முதலில் பாய்க்காரர்களில் ஒருவர் பாயைச் சுருட்டினார். பெட்டிக்குள் இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஏதோ மறந்துபோன வேலை ஞாபகம் வந்ததுபோல ஏறி வந்துவிட்டார்கள். தலைவர் மட்டும் நாற்காலியில் இருந்தார். பாவமாக இருந்தது. அக்கா குனிந்து கையை நீட்டினாள்.

"வாங்க தலைவரே. கைய நல்லாப் பிடிங்க. எதுக்கும் அந்தக் கம்பியையும் சேத்துப் பிடிச்சுக்குங்க."

பிடித்தார். இரண்டையும்தான் பிடித்தார். ஏறி வந்து யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனார்.

அக்கா வாசலில் நின்று கண்ணை மூடினாள், உதடு அசைந்தது. பிறகு பையைத் திறந்தாள். புதுப் பல், புதுக் கட்டை எல்லாம் மாட்டி, சங்கிலியையும் சுவிட்சிலிருந்த பூட்டையும் கழற்றி, மனிதரை ஏற்றாமல் மணல் மூட்டைகளை ஏற்றி, மேலும் கீழும் ஓட்டி, வேண்டுமென்றே விழவிட்டுப் பார்த்தாள். இரண்டு பல்லும் கவ்வின. மறுபடி விழவிட்டாள். "போதும்க்கா, மூட்டைக்கு வலிக்கும்" என்றேன். கேட்கவில்லை. கடைசியில்தான் பூட்டைப் பைக்குள் போட்டாள். கழற்றிய பழைய பல்லை ஒருவர் பக்தியோடு கேட்டு வாங்கிப் போனார். அவர் வீட்டில் இப்போது அது கதவு மூடிக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது. மிகச் சரியான இடம்.

ஒரு வாரம் கழித்துத் தலைவர் வாட்ச்மேனிடம் செய்தி அனுப்பினார். எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் அக்கா பிரார்த்தனைக் கூடத்துக்கு வரலாமாம். வாட்ச்மேன் பயந்து பயந்து சொன்னார். டிரைவருக்கு ஒரே சந்தோஷம். "விட்டது தொல்லை! இனிமே சாயங்காலம் வீட்டுல இரு."

"ஆண்டவன் வீட்டுக்கு வராதன்னு சொல்ல இவர் யாரு? இவர் வாடகையா குடுக்கிறார்?" என்றாள் அக்கா.

அன்று சாயங்காலம் வேலைச் சட்டையோடே, கையில் கிரீஸோடு போய் முதல் வரிசையில் நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். தலைவர் பார்த்தார். பார்க்காததுபோல ஆரம்பித்தார். நான் கதவோரம் நின்றேன். பிரார்த்தனைக்கெல்லாம் நான் போகிற ஆள் இல்லை, அன்றைக்கு மட்டும் எப்படியோ பக்தி வந்துவிட்டது. அக்கா கண்ணை மூடி, எல்லோரையும்விட மனசாரப் பாடினாள். குரல்தான் தாங்கமுடியவில்லை.

பாட்டு முடிந்தது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உண்மையான நம்பிக்கை உள்ளவன் ஒருநாளும் கேள்வி கேட்பதில்லை..." என்று தொடங்கினார்.

முதல் வரிசையில் கிரீஸ் படிந்த ஒரு கை உயர்ந்தது.